அயர்லாந்தின் சிறிய ரயில்களும் முதிய எஞ்சின்களும்

மாணவ நண்பர்களே, தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அடி நீளத்தை 4 மில்லிமீட்டராகச் சுருக்கி, மாதிரிப் புகைவண்டி ஒன்று செய்யப் போகிறீர்கள். ஓர் அடி என்பது 304.8 மில்லிமீட்டர். ஆகவே உங்கள் மாதிரி, உண்மையான வண்டியில் ஏறத்தாழ 76-இல் ஒரு பங்கு இருக்கும். அயர்லாந்து நாட்டில் இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 5 அடி 3 அங்குலம்; அதாவது 1,600 மில்லிமீட்டர். மாதிரியில் இந்த அகலம் எவ்வளவு? ஐந்தே கால் அடியை நான்கால் பெருக்கினால் சரியாக 21 மி.மீ. வருகிறது.

ஆனால் இந்த அளவு மாதிரிகளுக்காகக் கடையில் விற்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. தான். அயர்லாந்து எஞ்சினை அதன் மேல் ஏற்றினால், 4 அடி 1½ அங்குலப் பாதையில் அது ஓடுவதாக ஆகிவிடுகிறது. பக்கவாட்டில் பார்க்கும்போது குறை தெரியாது. முன்னால் நின்று பார்த்தால், பருத்த உடலுக்கு ஒடுங்கிய கால்களை வைத்தது போல் இருக்கும்.

இந்த 16.5 எங்கிருந்து வந்தது? ஓர் அடிக்கு 3.5 மி.மீ. என்று சுருக்கினால், 4 அடி 8½ அங்குலமுள்ள பொதுப்பாதைக்கு 16.5 மி.மீ. மிகப் பொருத்தமான அளவு. ஆனால் பிரிட்டனின் வண்டிகள் ஐரோப்பிய வண்டிகளைவிட உயரத்திலும் அகலத்திலும் சிறியவை. அவற்றை இந்த அளவில் சுருக்கியபோது, அக்காலத்து மோட்டார் எஞ்சினின் வயிற்றுக்குள் அடங்கவில்லை. எனவே உடலை மட்டும் அடிக்கு 4 மி.மீ. என்று பெரிதாக்கிவிட்டுப் பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். மோட்டார்கள் பின்னர் சிறுத்துப்போயின. ஆனால் சமரசம் நிலைத்துவிட்டது. பிரிட்டன் வண்டிக்கு அது சிறிய பிழை. அயர்லாந்து வண்டிக்கோ நாலரை மில்லிமீட்டர் பிழை! (நம் நாட்டு அகலப்பாதை 5 அடி 6 அங்குலம். இதே அளவில் நம் வண்டிக்கு எவ்வளவு வர வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடுங்கள்.)

அயர்லாந்து மாதிரிக் கலைஞர்களில் பலர் 16.5-ஐ ஏற்றுக்கொண்டு, மீதியை அழகாகச் செய்கிறார்கள். சிலர் விடாப்பிடியாகக் குறுக்குக்கட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, 21 மி.மீ. அகலத்தில் கையாலேயே பாதை போடுகிறார்கள். கடையில் வாங்கிய எஞ்சினின் அச்சுகளைக் கழற்றி நீளமான அச்சுகளைப் பொருத்துகிறார்கள். இரு சாரார் பேச்சிலும் நியாயம் உண்டு. என் ஓட்டு 21-க்குத்தான். ஏனெனில் அந்த அகலத்துக்கு ஒரு கதை இருக்கிறது.

1834-இல் டப்ளினிலிருந்து கிங்ஸ்டவுனுக்குச் சென்ற முதல் பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம். வடக்கே அல்ஸ்டர் கம்பெனி 6 அடி 2 அங்குலத்தில் போட்டது. டப்ளின்-ட்ரொஹெடா கம்பெனி 5 அடி 2 அங்குலத்தைத் தேர்ந்துகொண்டது. இவை ஒருநாள் சந்தித்தால் என்ன ஆகும்? விவகாரம் இரயில்வே மேற்பார்வைத் தலைவராக இருந்த பாஸ்லி என்ற ராணுவ அதிகாரியிடம் போயிற்று. அவர் எஞ்சின் கட்டும் நிபுணர்களைக் கேட்டார். 5 அடி முதல் 5 அடி 6 அங்குலம் வரை பல விடைகள் வந்தன. அவர் சராசரி எடுத்தார்! 5 அடி 3 அங்குலம். 1846-இல் அதுவே அயர்லாந்தின் சட்டமாயிற்று. ஒரு நாட்டின் பாதை அகலத்தைச் சராசரிக் கணக்கு தீர்மானித்தது என்பதை உங்கள் கணித ஆசிரியரிடம் சொல்லுங்கள், மகிழ்வார்.

இனி, சுருக்குவதில் உள்ள பௌதிகத்தைப் பார்ப்போம். நீளம் 76-இல் ஒன்றானால் எடையும் அப்படியே குறையுமா? குறையாது. எடை பருமனைப் பொறுத்தது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் 76-ஐ மும்முறை பெருக்க வேண்டும், 4,38,976 வருகிறது. 60 டன் எஞ்சினை அதே பொருள்களால் சுருக்கினால், 137 கிராம்தான் இருக்கும். இவ்வளவு லேசான எஞ்சின், தண்டவாளத்தில் படிந்த தூசியில்கூட மின்தொடர்பை இழந்து நின்றுவிடும். அதனால்தான் கொதிகலனுக்குள் ஈயத் துண்டுகளை ஒளித்து வைக்கிறார்கள்.

வேகத்தின் விளையாட்டு இன்னும் வேடிக்கையானது. மாதிரி ரயில் பெரும்பாலும் 45 செ.மீ. ஆரமுள்ள வளைவில் திரும்புகிறது. உண்மையில் அது 34 மீட்டர் ஆரம். அந்த வளைவில் உண்மையான ரயில் மணிக்கு 96 கி.மீ. வேகத்தில் வந்தால், மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் வேண்டும். வண்டி கவிழ்வது திண்ணம். மாதிரியில் அதே வேகத்தை 76-ஆல் வகுத்தால், விநாடிக்கு 35 செ.மீ. இப்போது தேவைப்படும் முடுக்கம் புவியீர்ப்பில் 36-இல் ஒரு பங்கு மட்டுமே. பொம்மை வண்டி சிரித்துக்கொண்டே திரும்பிவிடுகிறது. வடிவத்தைச் சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியாதே!

மாதிரிகள் வெறும் விளையாட்டு என்று எண்ண வேண்டாம். டப்ளினின் இஞ்சிகோர் ரயில் தொழிற்சாலையில் பணியாற்றிய சிரில் ஃபிரை என்பவர், அயர்லாந்து வண்டிகளைப் பல ஆண்டுகள் மாதிரிகளாகச் செய்து குவித்தார். அவற்றுக்காகவே மலஹைட் என்ற ஊரில் 2020-இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அயர்லாந்தில் 1920-ஐ ஒட்டி இருந்த இருப்புப்பாதைகளில் பாதிக்கு மேல் இன்று இல்லை. மறைந்தவற்றைக் கண்ணால் காண இத்தகைய மாதிரிகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

உண்மையான எஞ்சின்களைக் காப்பது வேறு வகைப் பாடு. அயர்லாந்து ரயில் பாதுகாப்புச் சங்கம் 1964-இல் தொடங்கியது. ஆண்ட்ரிம் மாவட்டத்தில் கடலோரமுள்ள வைட்ஹெட் என்ற ஊரில் அதன் பட்டறை இருக்கிறது. 1879-இல் பிறந்த 186-ஆம் எண் எஞ்சினும், 1913-இல் பிறந்த 171-ஆம் எண்ணும் அவர்களிடம் உள்ளன. 1947-இல் கட்டப்பட்ட 4-ஆம் எண், பெல்ஃபாஸ்ட் அருகே நெடுஞ்சாலை போடுவதற்கான கற்களைச் சுமந்து, நீராவியின் கடைசி நாள்கள் வரை உழைத்தது. அதைச் சங்கம் 1971-இல் வாங்கிற்று.

இவற்றைத் துடைத்துச் சாயம் பூசி நிறுத்திவிட்டால் போதும் என்றால் வேலை எளிது. ஓடவும் வேண்டுமே! சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு அழுத்தமுள்ள கொதிகலனில், நீர் 198 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திலும் நீராகவே இருக்கிறது. தகடு எங்காவது கிழிந்தால் அழுத்தம் சட்டென விழும். உடனே நீரில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஆவியாக மாறும். ஒரு கிலோ நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டர் இடம் வேண்டும். கொதிகலனில் இருப்பதோ ஆயிரக்கணக்கான கிலோ நீர். அது வெடிகுண்டுக்குச் சமம். ஆகவே குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கொதிகலனைச் சட்டத்திலிருந்து தூக்கிக் குழாய்களையெல்லாம் உருவி, துருவையும் வெடிப்பையும் தேடுகிறார்கள். பிறகு குளிர்ந்த நீரை நிரப்பி, வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். ஏன் குளிர்ந்த நீர்? நீர் மிகக் குறைவாகவே அமுங்கும். எனவே அதில் சேமிக்கப்படும் ஆற்றலும் குறைவு. பலவீனமான இடம் திறந்துகொண்டாலும் நீர் கசியுமே தவிர, யாருக்கும் தீங்கு வராது.

குழாய்களை மாற்றி, தகடுகளை மாற்றி, சக்கர வளையங்களையும் மாற்றிய பிறகு அது பழைய எஞ்சின்தானா என்று நீங்கள் கேட்கலாம். ரயில்வே கம்பெனிகள் அந்நாளிலேயே அப்படித்தான் செய்தன. உழைக்கும் எஞ்சினின் இயல்பு அது. இந்தக் கேள்விக்காக ஓட்டத்தை நிறுத்தி, எஞ்சினைக் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

சில எஞ்சின்கள் தற்செயலாகவே பிழைத்தன. 3 அடி அகலமுள்ள டொனிகால் பாதை 1959-இன் கடைசி நாளில் மூடப்பட்டது. அதன் எஞ்சின்கள் சிலவற்றை ஓர் அமெரிக்கர் வாங்கினார், கப்பலேற்றத்தான் முடியவில்லை. விற்றுவிட்டதால் உடைக்கவும் இயலாமல், அவை அங்கேயே தங்கிப் பிழைத்துக்கொண்டன. ட்ரலீ-டிங்கிள் பாதையின் 5-ஆம் எண்ணோ அமெரிக்காவுக்கே போய், 1986-இல் தாயகம் திரும்பியது.

வடக்கு அயர்லாந்தின் ‘டபிள்யூ’ வகை எஞ்சின்களுக்கு அந்த அதிர்ஷ்டம் கிட்டவில்லை. 90 முதல் 104 வரை எண்ணிட்ட பதினைந்தும் உடைத்து உருக்கப்பட்டன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் வைட்ஹெட்டில் உள்ள 4-ஆம் எண், அந்த வகையிலிருந்து உருவாக்கப்பட்ட தங்கை வடிவம். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய வரைபடங்களின்படி சங்கத்தார் புதிய எஞ்சின் ஒன்றைக் கட்ட முனைந்தார்கள். இந்தத் தடவை அடிக்கு 4 மில்லிமீட்டர் இல்லை, அடிக்கு அடி! அதற்கு அவர்கள் கொடுத்த எண் 105.