ஆராய்ச்சி மாணாக்கரும் இணையவழிப் பயிற்சியும்

ஒரு நூலை ஆராயப் புகுவார்க்கு நூற்பொருளில் வேட்கை மட்டும் இருந்தாற் போதாது. அந்நூலை அடைதற்கும், அடைந்ததைச் சோதித்தற்கும், சோதித்ததைப் பிறர்க்கு உணர்த்தற்கும் உரிய கருவியறிவும் வேண்டும். முற்காலத்தே ஏடு வாசித்தலும் ஏடெழுதுதலும் அக்கருவிகளாயிருந்தன. அச்சு வந்தபின் பிரதிகளை ஒப்புநோக்கலும் பிழைதிருத்தலும் அவற்றோடு சேர்ந்தன. இந்நாளில் இணையவழிப் பயிற்சியும் அவ்வரிசையில் வந்து நிற்கின்றது. இது சாத்திர ஆராய்ச்சிக்கு ஏலாதென்று விலக்குவாரும் உளர். இதுவே அமையுமென்று மகிழ்வாரும் உளர். இவ்விரு கூற்றினும் கொள்ளத்தக்கது யாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சென்னைச் சாந்தோமில் ஒரு சிற்றறையில் தங்கிச் சித்தாந்த நூலொன்றை ஆராயும் முனைவர்பட்ட மாணாக்கர் ஒருவரைக் கருதுக. அவர்க்கு வடபால், கடற்கரைச் சாலையில், 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம் உளது. சைவசித்தாந்தத்திற்கென அங்குத் தனித்துறையும் உளது. தென்பால் அடையாற்றைக் கடந்தால் பெசன்ட் நகரில் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உள. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் கூடி 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்னும் இணையவழிப் பாடத்திட்டத்தை நடத்தும் சென்னைக் கழகமும் அத்திசையிலேயே உளது. நடுவண் அரசினரின் 'ஸ்வயம்' என்னும் பாடத்தளம் 2017-இல் திறக்கப்பெற்றது. ஆகவே அம்மாணாக்கர் அறையை விட்டு அகலாமலே பல பாடங்களைக் கேட்டல் கூடும்.

இப்பயிற்சியில் ஒரு பகுதி அவர் விருப்பத்திற்கு விடப்பட்டதன்று. பல்கலைக்கழக மானியக்குழு 2022-இல் வெளியிட்ட விதியின்படி, முனைவர்பட்டத்திற்குரிய காலம் மூன்றாண்டிற்குக் குறையாமலும் ஆறாண்டிற்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். 'கிரெடிட்' எனப்படும் மதிப்பலகு பன்னிரண்டேனும் பெறுமாறு பாடங்கள் பயிலல் வேண்டும். தம் துறையிற் கற்பித்தற்கும் எழுதுதற்கும் பயிற்சி பெறல் வேண்டும். அம்மதிப்பலகிற் சிலவற்றை இணையவழிப் பாடங்களாற் பெறவும் இடமுண்டு. ஆராய்ச்சி நெறியும் வெளியீட்டு நெறியும் பற்றிய முப்பது மணிநேரப் பாடம் ஒன்று 2019 முதற்கொண்டு எல்லாத் துறையினர்க்கும் வகுக்கப்பட்டுளது.

ஸ்வயம் பாடம் ஒவ்வொன்றும் நாற்கூறுடையது: காணொளியாக வரும் விரிவுரை, வாசித்தற்குரிய பாடம், தன்னைத்தானே சோதிக்கும் வினாக்கள், ஐயம் வினவி விடைபெறும் களம் என்பன அவை. சைவநூல்கள் ஞானநெறியில் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என நான்கு வகுத்தமை அன்பர்கள் அறிந்ததே. இவ்விரு நான்கும் ஒன்றென்பது எம் கருத்தன்று. ஆயினும் கேட்டதோடு அமையாது மேலே செல்லல் வேண்டும் என்னும் அளவில் இரண்டும் ஒக்கும். என்.பி.டி.இ.எல். சான்றிதழுக்கு வாரந்தோறும் விடுக்கும் பயிற்சிகளுக்கு 25 விழுக்காடும், மண்டபத்தில் நேரிற்சென்று எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடுமாக மதிப்பெண் கூட்டுவதும் இதுபற்றியே.

அற்றேல், இப்பாடங்களை முடித்துச் சான்றிதழ் பெற்றார் ஆராய்ச்சியில் வல்லராய்விட்டார் எனலாமோ எனின், அற்றன்று. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். மெய்கண்ட சாத்திரம் பதினான்கும் யூனிக்கோடு எழுத்தில் இணையத்திற் கிடைக்கின்றன. அவற்றுள் ஆணவமலத்தைப் பற்றிய இடங்களைத் தொகுக்க விரும்பிய மாணாக்கர் 'இருள்' என்னுஞ் சொல்லைத் தட்டித் தேடுகின்றார் என்க. 'இருண்மலம்' என்று வருமிடம் ஒன்றும் அவர்க்கு அகப்படாது. ளகரம் மகரத்தின்முன் ணகரமாய்த் திரிந்தமையைக் கணிப்பொறி அறியாது. 'பாசம்' என்று தேடினால் 'பாசத்தை' என்பதும் 'பாசமும்' என்பதும் விடுபடும். விடுபட்டமையை அறியாத மாணாக்கர், 'இந்நூலில் இச்சொல் இத்துணை இடத்தே வருகின்றது' என்று துணிந்தெழுதுவர். அவர் முடிபு முற்றும் பிழையாம். புணர்ச்சியிலக்கணம் கற்றவரோ வேண்டும் வடிவங்களையெல்லாம் முன்னரே எண்ணித் தேடுவர். எனவே பழைய இலக்கணக் கல்வி இப்புதிய கருவிக்குப் பகையன்று. அதுவே இதற்குக் கண்ணாம்.

ஏட்டுச்சுவடியின் நிழற்படத்தை இணையத்திற் காண்பார்க்கும் இஃது ஒக்கும். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியில்லை. எகர ஏகாரங்கட்கும் ஒகர ஓகாரங்கட்கும் வடிவ வேறுபாடில்லை. படம் எத்துணைத் தெளிவாயினும் இடத்திற்கேற்ப எழுத்தைத் துணிவது வாசிப்பவர் கடனேயாம். அஃது ஆசிரியர் பக்கலிலிருந்து பழகியன்றி வாராது.

இனி, நெறிப்பயிற்சியின் இன்றியமையாமை கூறுவாம். பழைய உரையாசிரியர் மேற்கோளை நூற்பெயர் சுட்டாமலும் எடுத்தாண்டனர். கேட்போர் அந்நூல்களை நெட்டுருவாய் அறிந்திருந்தமையின் அஃது அக்காலத்திற் குற்றமாகாதாயிற்று. இக்காலத்தோ பிறர் எழுத்தைத் தமதுபோற் காட்டுதல் தண்டத்திற்குரியது. 2018-இல் வந்த மானியக்குழு விதி, ஒப்புமை பத்து விழுக்காடு வரை தண்டமின்றி விடுகின்றது. நாற்பது வரையாயின் ஆறு திங்களுக்குள் திருத்தித் தருக என்கின்றது. அறுபது வரையாயின் ஓராண்டு தடுக்கின்றது. அதற்கு மேலாயின் பதிவையே நீக்குகின்றது. உரிய குறியும் பெயரும் இட்டுக்காட்டிய மேற்கோள் இக்கணக்கிற் சேராது. சூத்திரமும் உரையும் பக்கந்தோறும் எடுத்துக்காட்டவேண்டிய நம் மாணாக்கர் இதனை முதலாண்டிலேயே அறியாராயின், களவு செய்யாமலே களவுப்பழி ஏற்க நேரும். பொருள் பெற்றுக்கொண்டு எதனையும் ஆராயாது வெளியிடும் போலி இதழ்கள் மற்றோர் இடர். தக்க இதழ்களென மானியக்குழு பேணிவந்த பட்டியல் 2025-இல் கைவிடப்பட்டமையின், இதழின் தரத்தைத் துணியும் பொறுப்பு மாணாக்கர் மீதும் அவர்தம் நெறியாளர் மீதும் விழுந்துளது.

பட்டம் பெற்றபின் பிழைக்கும் வழி யாதெனின், அதனையும் மறைத்தல் தகாது. உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், செட், ஸ்லெட் என்னும் தேர்வுகளே குறைந்த தகுதியென 2023-இல் விதி திருத்தப்பட்டது; ஆகவே பட்டத்தையே நம்பியிருத்தல் கூடாது. ஆயினும் கல்லூரி ஒன்றே வாயிலன்று. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. அவை 11,000 அளவின. ஒரு கோடிக்கு மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துக் காக்கும் 'ஞான பாரதம்' என்னும் திட்டத்தை நடுவண் அரசினர் 2025-இல் அறிவித்தனர். சுவடிக்கு அட்டவணை செய்தல், படம்பிடித்தவற்றுக்கு விவரக்குறிப்பு எழுதுதல், மின்பதிப்பிற் பிழை களைதல், மொழிபெயர்த்தல், கடல்கடந்த தமிழர்க்கு இணையவழி பாடஞ்சொல்லுதல் ஆகிய இவையெல்லாம் தொழில்களே. இவற்றுக்கு நூலறிவுடையாரும் கருவியறிவுடையாரும் வேறுவேறாய்க் கிடைக்கின்றனர். இரண்டும் ஒருங்குடையார் அரியர். அவ்வரியவராதலே நம் மாணாக்கர்க்கு உறுதி பயப்பதாம்.

ஆகலின் மாணாக்கர் செய்யத்தக்கது இது: பயிலும் இணையப் பாடம் எதுவாயினும், அதிற் கற்றதைத் தாம் ஆராயும் நூலின் ஒரு பகுதியில் அவ்வாரமே பொருத்திப் பார்த்தல் வேண்டும். அட்டவணையிடக் கற்றால் தம் நூலின் பதிப்புகளை அட்டவணையிடுக. மேற்கோள் நெறி கற்றால் தம் கட்டுரையொன்றைத் திருத்துக. பொருத்தப்பெறாத சான்றிதழ் பேழையிற் கிடக்கும் தாளேயாம்.

சபையாரும் மூத்த அறிஞரும் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. இணையம் கற்பிக்கமாட்டாதவை ஏடு வாசித்தலும் உரைநடை பிரித்துணர்தலுமே. அவை தம்மிடத்தே உள்ளன. கிழமைக்கு ஒரு மாலையேனும் இவ்விளைஞரை அருகிருத்தி ஒரு நூலை வரிவரியாகப் படிப்பித்தலும், தம் பதிப்புப் பணியில் ஒரு பகுதியை உரிய ஊதியத்துடன் அவர்பால் ஒப்புவித்தலும் அவர்கள் கடனாம். மாணாக்கர் கணிப்பொறி முன் அமர்ந்து கற்கச் சித்தமாயுள்ளனர். நம் முன் அமர்ந்து கற்கவும் அவர்க்கு இடந்தருதல் வேண்டும்.