மோரிஸ் மைனரின் டிரம் பிரேக் எப்படிப் பிடிக்கிறது?

கிரைண்டரில் மாவு ஓடும்போது, பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டியதை மரக் கரண்டியால் தள்ளிவிட்டவர்களுக்கு இது பழக்கம். கரண்டியின் நுனி, சுற்றிவரும் சுவரை எதிர்த்து நின்றால் சுவர் அதைப் பற்றிக்கொள்ளும். லேசாக வைத்தாலும் இறுகி, கையை முறுக்கும். நுனி, சுவர் போகும் திசையிலேயே சாய்ந்திருந்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

1948-இல் பிரிட்டனில் வெளிவந்த மோரிஸ் மைனர் காரில், சக்கரத்தோடு சுற்றும் இரும்பு டிரம்தான் கிரைண்டர் பாத்திரம். உள்ளே பிறை வடிவில் இருக்கும் இரண்டு ஷூக்களும் கரண்டிகள். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் சிலிண்டர் வழியாக ஷூவின் ஒரு முனையை வெளியே தள்ளும். மறுமுனை ஊன்றி நிற்கும். தள்ளப்படும் முனை சுழற்சியை எதிர்கொண்டால், டிரம்மே ஷூவை இழுத்து இறுக்கிக்கொள்ளும். முன்சக்கரத்தில் ஷூவுக்கு ஒரு சிலிண்டராக வைத்து, இரண்டையுமே இப்படி எதிர்கொள்ள வைத்தார்கள். பின்சக்கரத்தில் ஒன்று எதிர்கொள்ளும், மற்றது வழுக்கும். மேட்டில் பின்சக்கர ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினால், வண்டி எந்தப் பக்கம் உருண்டாலும் ஒரு ஷூ பிடிக்க வேண்டுமே!

இந்தப் பிடிப்பு முழுதாகக் கிடைக்க, ஷூவின் வளைவும் டிரம்மின் வளைவும் பொருந்த வேண்டும். தேய்ந்த டிரம்மை லேத்தில் கடைந்தால் விட்டம் கூடிவிடும். அதில் புது ஷூவை அப்படியே மாட்டினால் நடுப்பகுதி மட்டுமே தொடும். டிரம்முக்குள் சாக்பீஸ் தேய்த்து, ஷூவை வைத்து அழுத்தி நகர்த்தினால் எங்கே படுகிறது என்று தெரிந்துவிடும். ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனிங்கை டிரம்மின் வளைவுக்கு இழைத்துக் கொடுக்கும் பட்டறையைத் தேடிப் பிடியுங்கள். டிஸ்க் பிரேக் வாங்கும் யோசனையெல்லாம் அதற்குப் பிறகுதான் என்பேன். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

அடுத்தது அட்ஜஸ்ட்மென்ட். டிரம்மில் உள்ள துளை வழியே ஸ்க்ரூடிரைவர் விட்டு, அட்ஜஸ்டரைச் சக்கரம் நிற்கும்வரை திருகி, உரசாமல் சுற்றும் அளவுக்கு மட்டும் தளர்த்த வேண்டும். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு அட்ஜஸ்டர்கள் உண்டு. ஒன்றை விட்டுவிட்டால் வண்டி ஒருபக்கமாக இழுக்கும்.

நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் தாழும், லைனிங்கின் உராய்வும் குறையும். சர்வோ பொருத்தினால் கால் உழைப்பு மிச்சமாகும், சூடு குறையாது. சூட்டைத் தாங்கக் கூடுதல் இரும்புதான் வேண்டும். 1962-இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது முன் டிரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 ஆக்கினார்கள். பழைய மைனர் வைத்திருப்பவர்கள் அதையே வாங்கி மாட்டுகிறார்கள், மிகச் சரியான மாற்றம். டிரம், ஷூ, சிலிண்டர், பின்தட்டு எல்லாம் ஒரே தொகுதியாக வாங்குங்கள். ரப்பர் ஹோஸ் பழையதென்றால் அன்றே மாற்றிவிடுங்கள். உள்ளே ஊதி அடைத்த ஹோஸ் ஆயிலைத் திரும்ப விடாது, பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் ஷூ உரசிக்கொண்டே இருக்கும்.