நங்கூரமிட்ட இல்லம்

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கடற்சிப்பிகள் கல்லாகிக் கிடப்பதை நம் மக்களில் பலர் கண்டிருப்பர். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலத்தைக் கடல் மூடியிருந்தது. இன்றோ கடல் நம்மை விட்டு வெகுதொலைவு விலகிவிட்டது. கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகும் நாள்களைத் தவிர, படகு என்பதே நமக்கு நினைவில் எழுவதில்லை. ஆயினும் பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு வாழ்ந்த தம்பதியர் இருவரைப் பற்றி இங்கு எழுதத் துணிகிறோம். காரணம் உண்டு. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளிலிருந்து பிழைப்பை நாடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் செல்லும் இளந்தம்பதியர் பலர் ஒற்றை அறையில் குடித்தனம் தொடங்குகின்றனர். "கோபித்துக்கொண்டு போய் உட்கார அடுத்த அறைகூடக் கிடையாது, சாமி" என்று அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. அச்சிரிப்பில் பாதி உண்மை இருப்பதை நாம் அறிவோம்.

வெப்பமண்டலத் தீவொன்றின் துறையில் வெண்பாய் சுருட்டி நிற்கும் படகைப் படத்தில் காண்போர், "ஆகா, என்ன நிம்மதி!" என்பர். நங்கூரமிட்ட படகில் நிம்மதி குறைவு. நங்கூரச் சங்கிலியை நீரின் ஆழத்தைப்போல் நான்கைந்து மடங்கு நீளமாக விட்டால்தான் நங்கூரம் தரையைக் கவ்வும். காற்றுத் திசை மாறினால் படகு முழுவதும் வட்டமடித்துத் திரும்பும். அருகே பாறையோ வேறு படகோ இருப்பின் ஆபத்து. ஆகவே நள்ளிரவில் காற்று வலுத்தால் இருவரில் ஒருவர் எழுந்து, கரைவிளக்குகளைக் குறிவைத்து, படகு நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மழை பெய்தால் தூக்கம் போனாலும் மகிழ்ச்சியே. கூடாரத் துணியில் வழியும் நீரைக் குடங்களில் பிடித்துக்கொள்ளலாம். குளிப்பது கடல்நீரில், உப்புப் போக மேலுக்கு ஊற்றிக்கொள்ள ஒரு செம்பு நன்னீர். அடுப்பை மூட்டினால் அறை வெந்து போகும். துணியிலும் புத்தகத்திலும் பூஞ்சை பிடிக்கும். மரப்படகாயின், அடிப்பலகையைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு வேறு! கறையான் நம் வீட்டு நிலைக்கதவுக்குச் செய்வதை அது படகுக்குச் செய்யும். இத்தனையும் இருவரின் வேலை. கூப்பிட்டால் வர அண்டைவீட்டார் இல்லை.

அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் 1928 முதல் 1931 வரை 32 அடிப் படகொன்றில் உலகைச் சுற்றிவந்து புகழ்பெற்றவர். படகின் பெயர் 'ஸ்வாப்'; வடமொழியில் கனவு என்னும் பொருள்படும் பெயர் அது. பின்னர் ஃபுளோரன்ஸ் என்னும் செல்வர் மகளை மணந்து, அவரையும் அதே படகில் அழைத்துச் சென்றார். 1934-ஆம் ஆண்டு பசிபிக் கடலின் காலாப்பகோஸ் தீவுகளில், ஆளரவமற்ற ஒரு குடாவில் நங்கூரமிட்டிருந்தபோது ராபின்சனுக்குக் குடல்வால் வீங்கி உள்ளேயே வெடித்துவிட்டது. உடனிருந்தவர் மனைவியும் உறவினர் ஒருவரும் மட்டுமே. மருத்துவர் இருந்த இடம் பனாமா. ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். படகில் செய்தி அனுப்பும் வானொலிக் கருவி இல்லை. அச்சமயம் சூரைமீன் பிடிக்கும் கப்பலொன்று தற்செயலாக அக்குடாவுக்கு வந்தது. அதிலிருந்த வானொலி வழியே செய்தி பறக்க, அமெரிக்கக் கடற்படை விமானங்கள் மருத்துவருடன் விரைந்தன, போர்க்கப்பலும் வந்தது. அவர் பிழைத்தார். தற்செயல் என்று செய்தித்தாள் எழுதும். நம் வாசகர் வேறு சொல் வைத்திருப்பர்.

இந்த ராபின்சனுக்கும் தமிழர்க்கும் ஒரு தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அவர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் சூயஸ் கால்வாய் வழியாகவும் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தும் செலுத்திச் சென்று, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர். அன்னபூரணி என்ற பெயரை நீக்கி, மனைவியின் பெயரையே கப்பலுக்குச் சூட்டினார் ராபின்சன். மணவுறவோ நீடிக்கவில்லை. 1943-இல் ஃபுளோரன்ஸ் வேறொருவரை மணந்தார். சாவின் வாசலில் கைகோத்து நின்றவர்கள் சாதாரண நாள்களில் கைநழுவிப் பிரிந்தது ஏன் என்று நாம் ஆராயப் புகவில்லை. இத்தகைய பிரிவுகள் கடலில் மட்டும் நிகழ்வன அல்ல.

லாரி பார்டியும் லின் பார்டியும் வேறு வகையினர். கனடா நாட்டவரான லாரி, 1965-இல் கலிபோர்னியாவில் லின்னைச் சந்தித்தபோது ஒரு படகைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடன் லின்னும் கைகொடுக்க, 1968-இல் 'செராஃபின்' நீரில் இறங்கிற்று. நீளம் 24 அடி. அகலம் 9 அடிக்கும் சற்றுக் குறைவு. நம் ஊர்களில் ஒரு சோடி மாடு கட்டும் கொட்டிலின் அளவுதான். எந்திரம் கிடையாது, வெளிச்சத்துக்கு எண்ணெய் விளக்கு. அதில் இருவரும் பதினோர் ஆண்டுகள் வாழ்ந்து உலகைச் சுற்றினர். செங்கடல் வழியே வந்து இலங்கையின் காலித் துறையிலும் நங்கூரமிட்டனர். ஊர் ஊராகப் படகு பழுது பார்த்தும், கட்டுரைகள் எழுதியும் பொருளீட்டினர்.

இவர்கள் வரலாற்றில் நம்மைக் கவர்வது புயல் அன்று, சமையல். ஜப்பானிலிருந்து கனடாவுக்கு 49 நாள் ஓட்டம்; கரையே தென்படாது; மின் குளிர்ப்பெட்டியும் இல்லை. அந்நாள்களில் ஒவ்வொரு வேளையும் என்ன சமைத்தோம், எது கெட்டது, எது மிஞ்சியது என்று லின் குறித்துவைத்து, அதனையே நூலாக்கினார். பல ஆண்டுகளுக்குப் பின்னும் கப்பலோட்டிகள் அந்நூலைத் தேடிப் படித்தனர். ஆடும் அடுப்பருகே நின்று சமைப்பவர், கடுங்காற்றில் பாய் சுருட்டுபவருக்கு எவ்விதத்திலும் குறைந்தவர் அல்லர். நம் வீட்டு ஆடவர் சிலர் இதனை இருமுறை வாசித்தால் நலம்.

செராஃபினுக்குப் பிறகு 'டலீசின்' என்னும் சற்றுப் பெரிய படகைக் கட்டினர். அதிலும் எந்திரம் இல்லை. 2002-இல், முதுமையை நெருங்கும் பருவத்தில், தென்னமெரிக்காவின் கொம்புமுனையைக் கிழக்கிலிருந்து மேற்காக, எதிர்காற்றில் கடந்தனர். நியூசிலாந்தில் கவாவ் என்னும் சிறுதீவில் வீடமைத்தனர். அங்கே லாரியை நோய் பற்றியது. பாய்க்கயிறு பிடித்த கைகள் தளர்ந்தன. நெடுங்காலம் நோயுற்றிருந்து 2020-இல் அவர் காலமானபோது, இருவரும் கூடி வாழ்ந்த காலம் ஐம்பது ஆண்டுகளைக் கடந்திருந்தது.