பழைய வண்டிக்கும் ஒரு காலம் வரும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் முன்னோர் வாக்கு. மோட்டார் வண்டிக்கு இவ்வாக்குப் பொருந்துமா என்று கேட்டால், பெரும்பாலும் பொருந்தாது என்றே விடை கூற வேண்டும். புது வண்டி வீதிக்கு வந்த அன்று தொடங்கி அதன் மதிப்புத் தேய்கிறது. இறுதியில் அது பழைய இரும்பு வியாபாரியின் தராசில் ஏறுகிறது. ஆயினும் சில வண்டிகள் மட்டும் இவ்விதிக்கு அடங்குவதில்லை. தேய்பிறையின் கடைசி நாளைக் கடந்து அவை மீண்டும் வளரத் தொடங்குகின்றன. ஒரு காலத்தில் எவரும் ஏறெடுத்துப் பாராத வண்டியை, பின்னொரு காலத்தில் பலர் தேடி அலைகின்றனர். இவ்விந்தை எவ்வாறு நிகழ்கிறது? அதனை முன்கூட்டியே அறிந்து, மலிவாக ஒரு வண்டியை வாங்கி வைப்பது அறிவுடைமையா, பித்தா? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அத்தகைய வண்டியொன்றை வைத்திருப்பவன் என்ற உரிமையில் சில சொல்ல விழைகிறேன்.

முதலில் யாவரும் அறிந்த ஓர் உதாரணத்தைக் காண்போம். மொறிஸ் மைனர் என்னும் சிறு வண்டி 1948 இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. அதனை அமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். அந்நிறுவனத்தின் தலைவரான நஃபீல்ட் பிரபுவே அதன் உருண்டை வடிவத்தைக் கண்டு, ஓட்டை நீக்கி நீரில் வேகவைத்த முட்டை போலிருக்கிறதென்று இகழ்ந்தார் என்பர். இகழப்பட்ட அவ்வண்டியே பிரித்தானியாவில் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை முதன்முதல் எட்டிய மோட்டார் வண்டியாயிற்று. எனினும் 1971 இல் உற்பத்தி நின்றபின், அது வறியவரின் பழைய வண்டியாகவே கருதப்பட்டது.

அக்காலத்தில் இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வெயர் என்பவர் மொறிஸ் மைனருக்கென்றே ஒரு நிலையத்தைத் தொடங்கினார். புதியதை வாங்கி, தேயவிட்டு, எறிந்துவிட்டு, மறுபடியும் புதியதை வாங்குவது வீண் செலவு. நன்கு அமைந்த வண்டியொன்றைத் திருத்தித் திருத்தி வாழ்நாள் முழுதும் வைத்திருப்பதே சிக்கனம் என்பது அவர் கொள்கை. 1982 இல் இதனை ஒரு நூலாகவே எழுதினார். இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு பங்குண்டு. 1990களில் மொறிஸ் மைனருக்கு வேண்டிய உறுப்புகள் நம் இலங்கைத் தீவின் தென்பகுதியில் செய்யப்பட்டு, அவ்வண்டி பிறந்த நாட்டுக்கே அனுப்பப்பட்டன. இன்று மொறிஸ் மைனரைக் குறைத்துப் பேசுவார் எவருமிலர்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? ஒரு வண்டி புதியதாயிருக்கும்போது அதற்கு மதிப்புண்டு; மிகப் பழையதாகும்போதும் மதிப்புண்டு. இடைப்பட்ட காலமே அதன் வனவாசம். அவ்வனவாசத்தில் பெரும்பாலான வண்டிகள் மடிந்துவிடுகின்றன. எஞ்சியவை அரியவை ஆகின்றன. அவ்வேளையில், அவ்வண்டியின் பின்னாசனத்தில் குழந்தையாக உட்கார்ந்து சென்ற தலைமுறை வளர்ந்து, கையில் நாலு காசு சேர்ந்து, இழந்த இளமையைத் தேடத் தொடங்குகிறது. விலை ஏறுவதன் இரகசியம் இதுவே.

யாழ்ப்பாணத்தாருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1990 தொடக்கம் பல ஆண்டுகள் வடக்கே பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தபோது, நம் வீதிகளில் ஓடியவை 1950களின் ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளே. அவற்றின் எஞ்சின்கள் காற்றையும் எரிபொருளையும் மிகுதியாக அழுத்துவதில்லை. ஆகையால் மண்ணெண்ணெயையும் ஓரளவு சகித்துக்கொண்டன. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. எனவே காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அந்தப் புகையின் மணத்தோடு வளர்ந்த சிறுவர்களுள் நானும் ஒருவன். என் பித்தின் மூலவேர் அங்கேதான் இருக்கிறது.

ஏ-நாற்பது என்றால் நம்மவர் பலரின் நினைவுக்கு வருவது 1952 இல் வந்த உருண்டை வடிவான சொமர்செற் வண்டியாகும். ஆனால் அதே பெயரில் 1958 இல் வேறொரு வண்டி பிறந்தது. அதன் உருவத்தை வரைந்தது இத்தாலிய நாட்டின் பினின்பரினா கலைக்கூடம். ஆகவே அதனைப் பரினா ஏ-நாற்பது என்பர். உருண்டை வளைவுகளை நீக்கி, முன்னே எஞ்சினுக்கு ஒரு பெட்டி, பின்னே மாந்தருக்கும் பொருளுக்கும் ஒரு பெட்டி என நேர்கோடுகளால் அமைக்கப்பட்ட வடிவம் அது. 1959 இல் வந்த கன்றிமன் என்னும் வகையில், பின்புறக் கண்ணாடி மேலேயும் அதன் கீழ்ப்பலகை கீழேயும் திறக்கும். இன்று வீதியில் ஓடும் சிறிய வண்டிகளுட் பெரும்பாலானவை பின்கதவு உடையவை. அவற்றின் முன்னோடிகளுள் ஒன்று இது.

ஓட்டத்திலும் அது சளைத்ததன்று. 1959 இல் மொன்ரே கார்லோ நெடுந்தூரப் போட்டியில் பற் மொஸ், ஆன் விஸ்டம் என்னும் இரு பெண்மணிகள் இவ்வண்டியைச் செலுத்திப் பத்தாவதாக வந்து, மகளிர் பரிசையும் வென்றனர். இத்தனை சிறப்பிருந்தும் அதற்குப் புகழ் வாய்க்கவில்லை. காரணம், 1959 இலேயே மினி என்னும் சின்னஞ்சிறு வண்டி பிறந்து உலகத்தின் கண்ணையெல்லாம் தன்பால் ஈர்த்துக்கொண்டது. பரினா 1967 இல் ஓசையின்றி மறைந்தது.

2012 ஆம் ஆண்டு, வீட்டுக் கூரையைப் புதுப்பிப்பதற்கென நாங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் வங்கியில் இருந்தது. ஊரில் ஒரு வளவின் மூலையில், கிடுகுக் கொட்டிலின் கீழ், 1962 ஆம் ஆண்டுப் பரினா ஒன்று தூங்கிக் கிடப்பதைக் கண்டேன். விலை ரூபா 220,000 என்றனர். கூரையை மறந்தேன். “இஞ்சாருங்கோ, மழைக்கு நாங்கள் எல்லாரும் அந்தக் காருக்குள்ளயோ படுக்கிறது?” என்று என் மனைவி கேட்டாள். அவள் கேள்விக்கு இன்றுவரை தக்க விடை என்னிடமில்லை. அடுத்த இரண்டு மாரிகளிலும் எங்கள் நடுவறையில் வாளியொன்று நிரந்தரமாக இருந்தது.

வண்டியைக் கொணர்ந்த மறுநாள், அறுபது வயது கடந்த மெக்கானிக் ஒருவர் அதன் கீழே பாய் விரித்துப் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். “மாஸ்ரர், எஞ்சினுக்குப் பயப்பிடாதையுங்கோ. இந்த எஞ்சின் மைனருக்கும் இருக்கு, மினிக்கும் இருக்கு, சாமான் எடுக்கலாம். அடிப்பலகைதான் பிழை. கடற்காத்துத் திண்டுபோட்டுது. முதல்ல பிறேக்கைப் பாருங்கோ, பிறகு அடியைப் பாருங்கோ, பெயின்ரைக் கடைசியாய்ப் பாருங்கோ” என்றார்.

அவர் சொன்னதில் எஞ்சினைப் பற்றிய பகுதி முற்றிலும் உண்மை. 1951 இல் ஒஸ்ரின் ஏ-முப்பதில் முதன்முதல் பொருத்தப்பட்ட அவ்வெஞ்சின், அளவிற் பெருத்தும் திருந்தியும் 2000 ஆம் ஆண்டுவரை உற்பத்தியானது. கவனிப்பாரற்ற உடலும் யாவருக்கும் தெரிந்த இதயமும் கொண்ட வண்டியே, பழையதை வாங்க நினைப்பவருக்கு ஏற்றது. ஆனால் அவர் சொன்ன வரிசையை நான் கடைப்பிடிக்கவில்லை. அடிப்பலகையை அரைகுறையாக ஒட்டுவித்து, முதலில் வண்டிக்குப் பெயின்ற் பூசுவித்தேன். வெளிர்நீல நிறத்தில் அது பளபளத்தபோது, தெருவிலே போவோர் நின்று பார்த்தனர். அந்தப் பார்வைக்கு நான் மயங்கினேன்.

2013 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் ஒரு மாலை, ஆறு வயதான என் மகளைப் பின்னாசனத்தில் இருத்திப் பண்ணைப் பாலத்தால் வந்துகொண்டிருந்தேன். இருமருங்கிலும் கடல். முன்னே, மீன்பெட்டி கட்டிய சைக்கிளில் முதியவர் ஒருவர் சென்றுகொண்டிருந்தார். வேகத்தைத் தணிக்கப் பிறேக்கை மிதித்தேன். மிதி எவ்விதத் தடையுமின்றித் தரைவரை சென்றது. மறுபடியும் மிதித்தேன், ஒன்றுமில்லை. அக்கால வண்டிகளில் நான்கு சில்லுகளின் பிறேக்குக்கும் ஒரே எண்ணெய்க் குழாய்த் தொடர்தான். எங்கேனும் ஓரிடத்தில் ஒழுக்கு ஏற்பட்டால் நான்கும் ஒருங்கே செயலற்றுப் போகும். இரண்டாம் கியருக்கு இறக்கி, கைப்பிறேக்கை முழுப் பலத்தோடும் இழுத்தேன். வண்டி குலுங்கி, சைக்கிளின் பின்சில்லுக்கு ஒரு பாகத் தூரத்தில் நின்றது. முதியவர் திரும்பியும் பாராமற் போய்விட்டார். என் மகள், “அப்பா, ஏன் நிண்டனீங்கள்?” என்று கேட்டாள். அவ்வண்டியில் அவளைப் பிணித்து வைக்க ஒரு பட்டிகூட அப்போது இருக்கவில்லை.

பின்சில்லின் பிறேக்குச் சிலிண்டரில் இருந்த இறப்பர் வளையம் உக்கிப்போயிருந்ததே காரணம் என்று பின்னர் கண்டோம். புதிய வளையங்களின் விலை, நான் பெயின்றுக்குக் கொடுத்த பணத்தில் நூற்றில் ஒரு பங்குமில்லை. எந்நிறுவனத்தின் மேலும் நான் பழி கூறுதற்கில்லை. பிழை முற்றிலும் என்னுடையது. அன்றிரவு மனைவிக்கு நடந்ததைச் சொன்னேன். அவள் ஏசவில்லை, பேசவுமில்லை. அம்மௌனம் எந்த ஏச்சினும் கொடிதாயிருந்தது.

இவ்வனுபவத்தால் நான் கற்றவற்றைச் சுருக்கிச் சொல்வேன். பழைய வண்டி வாங்க விரும்புவோர் முதலில் அதன் கீழே பார்க்க வேண்டும். எஞ்சின் பழுதானால் திருத்தலாம். துருப்பிடித்த உடலைத் திருத்துவது பெருஞ்செலவு. கடற்கரை ஊர்களில் இருந்த வண்டியாயின் கதவுகளின் கீழ்விளிம்பு, சில்லு மூடிகள், கால்விரிப்பின் அடி ஆகியவற்றைச் சுரண்டியே பார்த்தல் வேண்டும். இரண்டாவதாக, எஞ்சின் இலக்கமும் சட்ட இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று நோக்க வேண்டும். மூன்றாவதாக, பிறேக்கு, சுக்கான், ரயர் ஆகிய மூன்றையும் சீர்செய்யுமுன் ஒரு சதமும் அழகுக்குச் செலவிடலாகாது. பிறேக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஆதலால் வண்டி ஓடாமல் நின்றாலும் அதனைக் காலந்தோறும் மாற்றுதல் வேண்டும். நான்காவதாக, அவ்வெஞ்சின்கள் ஈயங் கலந்த பெற்றோலுக்கென அமைந்தவை. ஈயமற்ற பெற்றோலில் நெடுந்தூரம் ஓடினால் வால்வு அமரும் இடங்கள் தேயக்கூடும். தலைப்பகுதியைக் கழற்ற நேரும்போது கடின உலோக வளையங்களைப் பொருத்துவித்தல் நலம்.

இனி இலாபநட்டத்தைப் பார்ப்போம். 2020 ஆம் ஆண்டில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதனால் பழைய வண்டிகளின் விலையெல்லாம் ஏறிற்று. 2021 இல் தென்பகுதியிலிருந்து ஒருவர் வந்து, என் பரினாவுக்கு நான் கொடுத்த விலையைப் போல் நான்கு மடங்கு தருவதாகச் சொன்னார். அன்றிரவு என் கணக்குப் புத்தகத்தை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். அடிப்பலகை, பிறேக்கு, ரயர், பற்றரி, மீண்டும் அடிப்பலகை என ஒன்பது ஆண்டுச் செலவும் வாங்கிய விலையும் சேர்ந்து, அவர் தருவதாகச் சொன்ன தொகைக்கு மிக அருகில் வந்து நின்றன. அதே பணம் வங்கியில் நிலையான வைப்பாக இருந்திருந்தால் வட்டியேனும் கிடைத்திருக்கும், கூரையும் ஒழுகியிராது. வருங்காலத்தில் பெருவிலை பெறலாம் என்று கருதிப் பழைய வண்டி வாங்குவோர் இக்கணக்கை மறவாதிருக்கக் கடவர்.

அங்ஙனமாயின் விற்றேனா? இல்லை. காரணம் வேறு. பண்ணைப் பாலத்து நிகழ்ச்சியின் பின், அந்த மெக்கானிக் ஐயாவிடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் சென்று பழகத் தொடங்கினேன். பட்டம் பெற்ற எனக்கு வால்வு இடைவெளியை அளக்கக் கற்பித்தவர் அவரே. என் மகளும் உடன் வந்தாள். நெம்புகோலும் நீரழுத்தமும் நூலிலே கற்குமுன் அவற்றைக் கையாலே தொட்டறிந்தாள். புதுவண்டிகளில் மூடியைத் திறந்தால் மற்றொரு மூடியே தெரிகிறது; பழையதிலோ ஒவ்வோர் உறுப்பும் தன் தொழிலைக் கண்முன்னே செய்துகாட்டுகிறது. மாணவருக்கு அது ஒரு திறந்த பாடநூல் என்பேன்.

2025 இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. எங்கள் வீதியிலும் புதிய வண்டிகள் ஓசையின்றிச் செல்கின்றன. பரினாவின் விலை இனி ஏறுமோ இறங்குமோ, அதைப் பற்றிய கவலை எனக்கில்லை. முன்னாசனங்களில் பட்டிகள் பூட்டியாயிற்று, கூரையும் வேய்ந்தாயிற்று. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பிறேக்கு எண்ணெய் மாற்ற வேண்டிய அடுத்த திகதி சிவப்பு மையால் எழுதப்பட்டிருக்கிறது. அதனை எழுதியது என் மகளின் கை. அத்திகதி தப்புமாயின், திறப்பு எனக்குக் கிடையாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.