இயந்திரம் நகரும்போது யார் எங்கே நிற்கிறார்?

நிலக்கீழ்ச் சுரங்க விபத்து என்றதும் மண்சரிவும் வாயு வெடிப்புமே நமது நினைவுக்கு வருகின்றன. ஆனால், அங்கே நகரும் இயந்திரங்களுக்கிடையில் நசியுண்டு இறப்போரும் உண்டு. இதைத் தடுப்பதற்குச் செய்யப்பட்ட ஓர் ஏற்பாடு, லொறியும் போர்க்லிப்டும் வைத்துத் தொழில் நடத்தும் நமது வர்த்தகர்களும் கவனிக்கத்தக்கதாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் நிலக்கரிச் சுரங்கங்களில் இடைவிடாது நிலக்கரியை வெட்டியெடுக்கும் பாரிய இயந்திரங்கள் உள்ளன. இவற்றை இயக்குபவர் ரிமோட் கொன்ட்ரோலுடன் அருகில் நின்றே இயக்குகிறார். இடமோ ஒடுக்கம்; வெளிச்சமும் குறைவு. நகர்த்தும்போது இயந்திரம் சற்றுத் திரும்பினாலும், அதற்கும் சுவருக்கும் இடையில் நிற்பவருக்கு ஒதுங்க வழியில்லை. அனுபவசாலிகளும் இவ்வாறு உயிரிழந்துள்ளனர்.

"கவனமாக இருங்கள்" என்ற அறிவுரை போதவில்லை. எனவே, அந்நாட்டின் சுரங்கப் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிர்வாகம் 2015 ஜனவரியில் ஒரு விதியை வெளியிட்டது. 2018 மார்ச் வரை அது கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்தது. இதன்படி தொழிலாளி தனது உடலில் ஒரு சிறு கருவியை அணிந்திருப்பார். அவர் இயந்திரத்தை அண்மித்தால் முதலில் ஒலியும் ஒளியும் எச்சரிக்கும். இன்னும் நெருங்கினால் இயந்திரம் தானாகவே நின்றுவிடும். இந்த ஏற்பாடு பழுதடைந்தால், திருத்துவதற்காகப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு செல்வதற்கன்றி இயந்திரத்தை நகர்த்த முடியாது.

அத்தகைய கருவி நமக்குத் தேவைப்படாதிருக்கலாம். ஆனால் அதன் அடிப்படை நமக்கும் பொருந்தும். பின்னோக்கி வரும் லொறிக்கும் சுவருக்கும் இடையில் நாட்டாமி நின்று கைகாட்டும் காட்சி புறக்கோட்டையில் புதிதல்ல. அந்த இடைவெளியில் எவரும் நிற்கக்கூடாது. கைகாட்டுபவர் சாரதியின் கண்ணாடியில் தெரியும்படி பக்கவாட்டில் நிற்கட்டும். அவர் கண்ணுக்கு மறைந்தால் சாரதி உடனே வாகனத்தை நிறுத்த வேண்டும்.

களஞ்சியசாலையில் போர்க்லிப்ட் ஓடும் பாதையையும் ஆட்கள் நடக்கும் பாதையையும் மஞ்சள் கோடிட்டுப் பிரியுங்கள். செலவு ஒரு டின் பெயின்ட்தான். பின்செல்லும்போது ஒலிக்கும் மணியோ பிரேக்கோ பழுதென்றால், சரக்கு எவ்வளவு அவசரமானாலும் திருத்தும்வரை வாகனம் வேலைக்குப் போகக்கூடாது.

வேலையின்போது விபத்துக்குள்ளாகும் ஊழியருக்கு முதலாளி நட்டஈடு வழங்க வேண்டுமென்பது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் நியதி. ஆயினும், குடும்பத்துக்கு உழைத்துக் கொடுத்தவரை எந்த நட்டஈடும் மீட்டுத் தராது. எனவே, அடுத்த லொறி உங்கள் வாசலுக்கு வரும்போது, சரக்கை எண்ணுமுன் அதன் பின்னால் யார் நிற்கிறார் என்று பாருங்கள்.