புதுச்சேரிக்கு டூர் போறீங்களா? மஞ்சள் சுவரைத் தாண்டி பிரெஞ்சு நகரத்தைப் பார்ப்பது எப்படி? கம்பம் பள்ளத்தாக்கோடு இதற்கு என்ன தொடர்பு?

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பக்கம் இருந்து வேன் பிடித்துக் குழுவாகக் கிளம்புவது வழக்கமான ஒன்று. திண்டுக்கல், திருச்சி, விழுப்புரம் வழியாக 350 கி.மீ.க்கு மேல் போனால் புதுச்சேரி. ராத்திரி ஏறினால் காலையில் கடற்கரை.

போனதும் என்ன பார்க்கிறாங்க? காந்தி சிலை, மணக்குள விநாயகர் கோயில், ஆரோவில், சுண்ணாம்பாறு படகு சவாரி. நடுவில் மஞ்சள் சுவர் முன்னால் நின்று ஒரு போட்டோ. அதோடு 'பிரெஞ்சு ஊரைப் பார்த்தாச்சு' என்று வேன் திரும்பிவிடுகிறது.

ஆனால் அந்த மஞ்சள் சுவர் பாதிக் கதைதான். மீதிப் பாதி, கால்வாய்க்கு மேற்கே, திண்ணை வைத்த தமிழ் வீடுகளில் இருக்கிறது. அந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டும் வருகின்றன. 'ஹெரிடேஜ் வாக்' எனப்படும் பாரம்பரிய நடைப்பயணம் எதற்காக, அதில் எதையெல்லாம் கவனிக்கணும் என்பதை இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

கம்பத்துக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் என்ன சம்பந்தம்?

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தத் திராட்சையை 1832-ல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சு பாதிரியார் என்று அப்போது வெளியான விவரங்கள் சொல்கின்றன. ஆக, பள்ளத்தாக்கின் பந்தலுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஒரு பழைய முடிச்சு இருக்கிறது.

இன்னொரு தொடர்பு, கட்டுமானப் பொருள். முல்லைப் பெரியாறு அணை 1887-ல் தொடங்கி 1895-ல் முடிக்கப்பட்டது. அது பிரிட்டிஷ் பொறியாளர் பென்னிகுயிக் கட்டியது. சிமெண்ட் புழக்கத்துக்கு வராத அந்தக் காலத்தில் கல்லைப் பிணைத்தது சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவை. சுட்ட செங்கல்லை இடித்த தூள்தான் சுர்க்கி.

புதுச்சேரியின் பழைய கட்டடங்களும் அடிப்படையில் செங்கல், சுண்ணாம்பு, மரம் ஆகியவற்றால் ஆனவைதான். லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் நின்று அணை கட்டிய கதையைக் கேட்டவர்களுக்கு, புதுச்சேரிச் சுவர் புதிய விஷயமாக இருக்காது.

பிரெஞ்சு புதுச்சேரி எப்படி உருவானது?

பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1673-74 காலத்தில் இங்கே கால் பதித்தது. பிரான்சுவா மர்த்தேன் என்பவர்தான் அதை ஊராக வளர்த்தவர். 1693-ல் டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1699-ல்தான் திரும்பக் கிடைத்தது. நேர்நேராகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தெருக்களுக்கான திட்டம் அந்த டச்சுக் காலத்தில் வரையப்பட்டது. எல்லோரும் 'பிரெஞ்சு பிளான்' என்று நினைப்பது உண்மையில் டச்சுக்காரர்கள் போட்ட கோடு!

அடுத்த திருப்பம் 1761. பிரிட்டிஷ் படை ஊரைப் பிடித்துக் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கியது. 1765-ல் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பியபின் பழைய தெருக்களின் மேலேயே மறுபடி கட்டினார்கள். அதனால் இன்று காணும் பிரெஞ்சுக் கட்டடங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு தெரிவித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கை மாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் நடந்தது.

அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு அதற்கான வாய்ப்பு தரப்பட்டது. அதனால்தான் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற 'சொல்தா' குடும்பங்களை இன்றும் ஊருக்குள் பார்க்க முடிகிறது.

கால்வாய்க்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்

ஊரின் நடுவே தெற்கு வடக்காக ஓடுகிறது பெரிய வாய்க்கால். கிழக்கே, கடலை ஒட்டி இருப்பது வெள்ளையர் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. ஒரு காலத்தில் 'வெள்ளை நகரம், கறுப்பு நகரம்' என்றே பிரித்துச் சொன்னார்கள். அழகான தெரு என்று ரசிக்கும்போது, யார் எங்கே வாழலாம் என்று பிரித்த கோடும் அதே ஊரில்தான் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

வீட்டைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். பிரெஞ்சு வீடு தெருவுக்கு முதுகைக் காட்டும். உயரமான மதில், பெரிய வாசல் கதவு, உள்ளே தோட்டம், அதைப் பார்த்தபடி வளைவுகள் கொண்ட தூண் வரிசை. ஜன்னலுக்கு, வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும் சாய்சட்ட மரக்கதவு.

தமிழ் வீடு தெருவைப் பார்த்துப் பேசும். முன்னால் தாழ்வாரம், அதை ஒட்டித் திண்ணை. வழிப்போக்கர் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். உள்ளே முற்றம், வெளிச்சமும் மழையும் அங்கே இறங்கும்.

இரண்டும் கலந்த வீடுகள்தான் புதுச்சேரியின் தனி அடையாளம். கீழ்த்தளத்தில் திண்ணையும் மரத்தூணும். மாடியில் சுண்ணாம்புப் பூச்சுத் தூண்கள், வளைவு ஜன்னல்கள், வேலைப்பாடு செய்த கைப்பிடிச் சுவர். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு! இதைப் பார்க்க வாய்க்காலைத் தாண்டி மேற்கே போகணும். வேன் குழுக்கள் தவற விடுவது இந்தப் பகுதியைத்தான்.

சுவருக்குள்ளே என்ன இருக்கு?

பழைய கூரைகள் பல 'மெட்ராஸ் டெரஸ்' முறையில் போட்டவை. தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் சின்ன செங்கற்களைச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்புக் கலவையால் பிணைத்து, மேலே தளம் போடுவார்கள். கம்பி கிடையாது. ஆனால் மரம் ஈரம் குடிக்காமல் பார்த்துக்கொண்டால் தலைமுறைகள் தாண்டி நிற்கும்.

சுண்ணாம்புப் பூச்சுக்கு மூச்சு உண்டு. சுவரில் ஏறிய ஈரம் அதன் வழியாக வெளியே போய்விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பூச்சு உதிரும், உத்தரம் உளுத்துப்போகும். 'பலமா இருக்கட்டும்' என்று பூசிய சிமெண்ட்டே வீட்டுக்கு எதிரியாகிவிடுவது இப்படித்தான்.

குழுவாகப் போனால் எந்த வரிசையில் பார்க்கலாம்?

காலை வெயில் ஏறும் முன் கடற்கரைச் சாலையில் இருந்து தொடங்குவது நல்லது.

மேரி கட்டடம்: பழைய நகராட்சி மன்றம். 19-ம் நூற்றாண்டில் கட்டியது. 2014 நவம்பர் 29-ல் கனமழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதி உதவியோடு பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். இன்று நிற்பது பழைய உருவத்தில் ஒரு புதிய கட்டடம்.

கப்ஸ் கோயில்: 1855-ல் முடிக்கப்பட்ட தேவமாதா ஆலயம். கப்புச்சின் துறவிகளை வைத்து வந்த பெயர் இது. உட்சுவரின் பளபளப்புக்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்தார்கள் என்று சொல்வதுண்டு. எதிரே ஜோன் ஆஃப் ஆர்க் சிலை.

போர் நினைவுச் சின்னம்: முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பியது. ஜூலை 14, பிரான்சின் தேசிய நாளில் இங்கே மரியாதை செலுத்துகிறார்கள்.

ஆயி மண்டபம்: பாரதி பூங்காவின் நடுவில் இருக்கும் வெள்ளை மண்டபம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது. வடிவம் ஐரோப்பியம், பெயரோ ஒரு தமிழ்ப் பெண்ணுடையது. விஜயநகர மன்னர் ஒருவர் ஆயியின் மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டார், பிறகு கோபத்தில் இடிக்கச் சொன்னார், அந்த இடத்தில் ஆயி ஊருக்காகக் குளம் வெட்டினார் என்பது செவிவழிக் கதை. அந்தக் குளம் இருந்த முத்திரப்பாளையத்தில் இருந்துதான் பின்னாளில் நகருக்குக் குடிநீர் வந்தது. தண்ணீர் தந்தவரைத் தெய்வமாகப் பார்க்கும் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இந்த மண்டபத்தை விளக்க வேண்டியதே இல்லை.

அருங்காட்சியகம்: பூங்காவுக்குப் பக்கத்திலேயே. அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்கள் இங்கே உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு 1,500 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரை ரோமானியரோடு வியாபாரம் செய்த கரை என்பது இங்கே புரியும்.

பிறகு வாய்க்காலைத் தாண்டினால் தமிழர் பகுதி.

வைசியாள் தெரு: தாழ்வாரமும் திண்ணையும் வரிசையாக மீட்டெடுக்கப்பட்ட தெரு. ஐரோப்பிய ஒன்றியத் திட்டத்தின் உதவியோடு இன்டாக் அமைப்பும் வீட்டு உரிமையாளர்களும் சேர்ந்து செய்த வேலை. 2008-ல் இதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது.

சம்பா கோயில்: மிஷன் வீதியில் உள்ள பேராலயம். இப்போதைய கட்டடம் 1791-ஐச் சேர்ந்தது. 'செயிண்ட் பால்' என்ற பெயர்தான் மக்கள் வாயில் 'சம்பா' ஆனது என்கிறார்கள்.

ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை: கவர்னர் துய்ப்ளேவின் தலைமைத் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-ல் இருந்து 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு அந்தக் காலத்துக்குப் பெரிய சான்று. 1761 அழிவில் தப்பிய வெகு சில கட்டடங்களில் இந்த வீடும் ஒன்று எனச் சொல்லப்படுகிறது. கீழே தமிழ் வீடு, மேலே ஐரோப்பியத் தூண்கள்.

நேரம் இருந்தால் பாரதியார் வாழ்ந்த வீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். பிரிட்டிஷ் போலீஸிடம் இருந்து தப்பி 1908 முதல் 1918 வரை அவர் இங்கேதான் இருந்தார்.

கூகுள் மேப் இருக்கே, வழிகாட்டி எதுக்கு?

மேப் இடத்தைக் காட்டும், எதைப் பார்க்கணும்னு காட்டாது. ஒரே மஞ்சள் நிறத்தில் இரண்டு சுவர் இருக்கும். ஒன்று 19-ம் நூற்றாண்டுச் சுண்ணாம்பு, இன்னொன்று ஹோட்டலுக்காகப் போன வருஷம் பூசிய சிமெண்ட். பழகிய கண்ணுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

ஆனால் எல்லா வழிகாட்டியும் வாய்க்காலைத் தாண்டுவதில்லை. பேசும்போதே 'தமிழர் பகுதியும் சேர்த்துக் காட்டுவீங்களா? தமிழில் சொல்வீங்களா?' என்று கேட்டுவிடுவது நல்லது. 40 பேர் மொத்தமாகப் போனால் பின்னால் இருப்பவருக்குக் காது கேட்காது. 15, 20 பேராகப் பிரிந்து போகலாம். பெரும்பாலானவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். திண்ணை வரை பார்க்கலாம். அனுமதி கேட்காமல் உள்ளே போகவோ, ஆட்களைப் படம் எடுக்கவோ கூடாது.

ஏன் இப்பவே பார்க்கணும்?

அரசுக் கட்டடமான மேரியே ஒரு மழையில் விழுந்தது என்றால் தனியார் வீடுகளின் நிலையை யோசித்துப் பாருங்க. பழைய வீடு பல வாரிசுகளுக்குப் பங்காகிறது. நகரின் நடுவில் மனையின் விலை வீட்டின் விலையைவிடப் பல மடங்கு. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதும் சிரமம். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதே லாபம் என்ற கணக்கு வந்துவிடுகிறது.

வெள்ளையர் பகுதியில் பல வீடுகள் கஃபே, தங்கும் விடுதி என்று மாறிப் பிழைத்துக்கொண்டன. சுற்றுலாக் கூட்டம் அங்கேயே நின்றுவிடுவதால் வருமானமும் அங்கேயே நின்றுவிடுகிறது. தமிழர் பகுதிக்கும் ஆட்கள் தேடி வந்தால்தான் திண்ணை வீட்டை வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கு என்று உரிமையாளருக்குத் தோன்றும். ஒரு வேன் குழு எந்தத் தெருவில் நடக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

நம்ம ஊரிலும் இப்படி நடக்கலாமா?

தாராளமாக. உத்தமபாளையம் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. பாண்டியர் வரலாற்றுக்கு முக்கியச் சான்றான செப்பேடுகளால் பெயர் பெற்ற ஊர் சின்னமனூர். போடி ஜமீன் அரண்மனையில் ராமாயண ஓவியங்கள் உண்டு. லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபம் 2013-ல் திறக்கப்பட்டது. நான்கும் ஒரே பள்ளத்தாக்கில், ஒரே நாள் வேன் பயணத் தூரத்தில்.

வெளியூர்க்காரர்கள் இவற்றைக் கடந்துதான் தேக்கடிக்கும் மேகமலைக்கும் போகிறார்கள். நிறுத்திக் காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான். புதுச்சேரியில் ஒரு காலைப்பொழுது நடந்து பார்த்த குழு, ஊர் திரும்பியதும் இதைத் தொடங்கலாம்.