மூன்று மாதச் சம்பளம்

பாடம் நடத்தி, தேர்வு வைத்து, சான்றிதழையும் கையில் கொடுத்த பிறகும் பயிற்சி நிறுவனம் கணக்கை முடித்துக்கொள்ள முடியாத அரசுத் திட்டம் ஒன்று உண்டு. பயிற்சி முடித்த பையனோ பெண்ணோ வேலையில் சேர்ந்து, தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வாங்க வேண்டும். சம்பளச் சீட்டோ வங்கிக் கணக்கோ அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். அப்போதுதான் அவர் ‘வேலை பெற்றவர்’ பட்டியலில் ஏறுவார். பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு எழுபது பேராவது அப்படி ஏற வேண்டும். நிறுவனத்துக்கு அரசு தவணையாகத் தரும் பணத்தின் கடைசிப் பகுதி இதைப் பார்த்துத்தான் வரும்.

2014 செப்டம்பர் 25 அன்று மத்திய அரசு அறிவித்த தீனதயாள் உபாத்யாய ஊரகத் திறன் பயிற்சித் திட்டம்தான் இது. செலவில் 60 விழுக்காட்டை மத்திய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கின்றன. தமிழ்நாட்டில் இதை நடத்துவது மாநில ஊரக வாழ்வாதார இயக்கம். ஊர்ப்பக்கம் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் பிடிபடாது. ‘மகளிர் திட்டம் ஆபீஸ்’ என்றால் சுயஉதவிக் குழுவில் இருக்கும் எந்த அம்மாவும் வழி சொல்லிவிடுவார்.

யார் சேரலாம்? மத்திய விதிப்படி 15 முதல் 35 வயது வரை. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகள் ஆகியோருக்கு 45 வரை. நூறு நாள் வேலையில் முந்தைய ஆண்டு 15 நாளாவது உழைத்த குடும்பம், சுயஉதவிக் குழு உறுப்பினரின் குடும்பம், வறுமைப் பட்டியலில் உள்ள குடும்பம் என்று வரையறை விரிவானது. தேசிய அளவில் இடங்களில் பாதி பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும். மூன்றில் ஒன்று பெண்களுக்கு. பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு, சீருடை எதற்கும் காசு கிடையாது.

காசு கிடையாது என்பதுதான் கிராமத்தில் முதல் சந்தேகமே. “சும்மாவே சொல்லித் தந்து, சோறும் போட்டு, வேலையும் வாங்கித் தர்றாங்களாம், அங்கிட்டுப் போனபிறகு என்ன கேப்பாங்களோ” என்ற பேச்சு மதுரை மாவட்டத்தில் சேடபட்டிப் பக்கமும் இருக்கும், கொட்டாம்பட்டிப் பக்கமும் இருக்கும். அந்தப் பேச்சைக் குறை சொல்ல முடியாது. மூன்று வருடம் ஆலை விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லித் தென்மாவட்டப் பெண்பிள்ளைகளைப் பஞ்சாலைகளுக்கு அழைத்துப் போன ‘சுமங்கலித் திட்ட’ காலத்தை அந்தக் குடும்பங்கள் மறக்கவில்லை. உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்து முறுக்கு கம்பெனி வேலைக்கென்று வெளிமாநிலம் போன பிள்ளைகளின் கதைகளும் அவர்களுக்குத் தெரியும். பெண்ணை விடுதிக்கு அனுப்பும் முன் ஒரு தகப்பன் பத்துக் கேள்வி கேட்டால், பத்துக்கும் பதில் சொல்வது அதிகாரிகளின் கடமை. ஒன்றியம்தோறும் நடத்தப்படும் ‘இளைஞர் திறன் திருவிழா’க்களுக்குப் பெற்றோரும் வந்து நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வது அதனால்தான் முக்கியம்.

கிராமத்துப் பிள்ளைக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. டி. கல்லுப்பட்டியில் கோ. வேங்கடாசலபதி 1940-இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் கதரையும் கிராமக் கைத்தொழில்களையும் பயிற்றுவித்த இடம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்த ஜே. சி. குமரப்பா, தம் கடைசி ஆண்டுகளை அந்த ஊரில்தான் கழித்தார். கிராமத்து உழைப்பு கிராமத்திலேயே செல்வமாக வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தவர் அவர். 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார். பின்னர் 1979-இல் மத்திய அரசு ‘டிரைசெம்’ என்ற சுயவேலைப் பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1999-இல் அது பொன்விழா கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டத்தில் கரைந்தது. அதன் இடத்தில் 2011-இல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் வந்தது. இன்றைய திட்டம் அதன் கிளை.

இத்தனை திட்டங்களுக்குப் பிறகும் நாட்டின் நிலை என்ன? 2015-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் கொள்கை தானே ஒரு கணக்கைத் தருகிறது. இந்தியத் தொழிலாளர்களில் முறையான திறன் பயிற்சி பெற்றவர்கள் 4.69 விழுக்காடு, ஜெர்மனியில் 75, தென்கொரியாவில் 96.

பயிற்சி பெரும்பாலும் மூன்று மாதத்திலிருந்து ஓராண்டு வரை. மிகச் சிறிய வகுப்பே 576 மணி நேரம். தையல் இயந்திரமோ மருத்துவமனை உதவியாளர் வேலையோ எதுவானாலும், கூடவே கணினி, பேச்சு ஆங்கிலம், நேர்காணல் பழக்கம் ஆகியவையும் உண்டு. வருகை விரல்ரேகை மூலம் பதிவாகிறது. பத்தாம் வகுப்போடு நின்று, பேருந்து வசதி இல்லாமலோ வீட்டில் பணம் இல்லாமலோ மூன்று நான்கு ஆண்டு வீட்டில் இருந்த பெண்ணுக்கு, மற்றவர் முன் எழுந்து நின்று தன் பெயரையும் ஊரையும் சொல்லும் அந்த முதல் வாரம்கூடப் பெரிய மாற்றம்தான்.

ஆனால் உண்மையான சோதனை வகுப்பறையில் இல்லை, வேலையில் சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது.

செல்லம்பட்டி ஒன்றியத்துப் பையன் ஒருவனுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். அறைக்கு முன்பணம், மாத வாடகை, மெஸ் சாப்பாடு, போக்குவரத்து என்று எல்லாச் செலவும் முதல் சம்பளத்துக்கு முன்பே வந்து நிற்கும். இதற்காகத் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உதவி உண்டு. சொந்த மாவட்டத்தில் வேலை என்றால் இரண்டு மாதம், மாநிலத்துக்குள் மூன்று மாதம், வெளிமாநிலம் என்றால் ஆறு மாதம். இந்தத் தொகை இன்றைய விலைவாசியில் ஒரு வாரச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். 2016-ஆம் ஆண்டு விதிமுறையில் குறைந்தபட்சச் சம்பளமாக வைக்கப்பட்ட 6,000 ரூபாயும் அப்படிப்பட்டதே. பண்டிகைக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஊருக்கு வந்த பையன் திரும்பிப் போகாவிட்டால் ‘பொறுப்பில்லாதவன்’ என்று பெயர் சூட்டிவிடுகிறோம். அவன் கையில் மிஞ்சிய தொகையை யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டால் அந்தப் பெயரைச் சொல்ல மனம் வராது. முதல் மூன்று மாத உதவியை உயர்த்துவதும், தொழிற்பேட்டைகளை ஒட்டிக் குறைந்த வாடகை விடுதிகள் கட்டுவதும், இன்னும் ஆயிரம் பேரைப் பயிற்சியில் சேர்ப்பதைவிட அவசரமான வேலை.

மதுரையைச் சுற்றி வேலைத்தலங்கள் இல்லாமலும் இல்லை. கப்பலூரிலும் கே. புதூரிலும் தொழிற்பேட்டைகள், வெள்ளரிப்பட்டியில் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா டயர் ஆலை, இலந்தைக்குளத்தில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா, நகரெங்கும் பெரிய மருத்துவமனைகள். வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் இந்த இடங்களுக்கு எந்த வேலைக்கு ஆள் தேவை என்று முதலில் கேட்டு, அதற்கேற்பப் பாடத்தை முடிவுசெய்தால் பெண்களில் பலர் வேலையை விடாமல் தொடர முடியும்.

வெளியூர் போக முடியாதவர்களுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. கர்நாடகத்தின் உஜிரேயில் 1982-இல் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய ‘ரூட்செட்’ நிறுவனத்தின் கிளை மதுரையில் உள்ளது. இங்கே பயிற்சி சில வாரங்கள்தான், நோக்கம் சுயதொழில். செல்போன் பழுதுபார்ப்பு, வயரிங், தையல், ஆடு வளர்ப்பு போன்றவற்றைக் கற்றுக்கொண்டவருக்கு வங்கிக் கடனுக்கு வழிகாட்டி, இரண்டு ஆண்டு வரை தொடர்ந்து விசாரிப்பதும் அவர்கள் வேலை. இதே முறையைப் பார்த்துத்தான் மாவட்டத்துக்கு ஒரு பயிற்சி நிலையம் என்ற தேசியத் திட்டமே பிறந்தது. ஓராண்டோ இரண்டாண்டோ படிக்கத் தயாராக இருப்பவருக்குக் கே. புதூர், செக்கானூரணி அரசு ஐடிஐகள் இருக்கின்றன. அங்கே மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவசப் பேருந்து அட்டை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் 1,000 ரூபாயும் மாதந்தோறும் சேரும். பொறுத்திருக்க முடிந்த குடும்பத்துக்கு ஐடிஐதான் நல்ல தேர்வு. அதன் சான்றிதழுக்குத் தொழிற்சாலை வாசலில் மதிப்பு அதிகம்.

உடனே சம்பாதிக்க வேண்டிய குடும்பம் முதலில் போக வேண்டிய இடம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உள்ள வாழ்வாதார இயக்கப் பிரிவு, அல்லது ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மகளிர் திட்ட அலுவலகம். ஆதார், குடும்ப அட்டை, கல்விச் சான்று கையில் இருக்கட்டும். பெயர் கொடுக்கும் முன் சில கேள்விகள் கேட்க வேண்டும். போன அணியில் எத்தனை பேர் இப்போதும் வேலையில் இருக்கிறார்கள்? எந்த ஊரில், என்ன சம்பளத்தில்? பி.எஃப் பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு வரும்? பெண்கள் விடுதிக்குப் பொறுப்பாளர் யார், அவருடைய எண் என்ன? முன்பு படித்த ஒருவரிடம் போனில் பேச முடியுமா?